அடார்1 ஆன்டிபாடி ஏமாற்றுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அடார்1 நொதிக்காக வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கோடாக, அதாவது பேண்டாகப் பார்க்கும் முறை) போடுகிறவர்களின் புலம்பல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "ஒரு பேண்ட் வரும்னு நினைச்சேன், ரெண்டு வருது." "போன வாரம் இருந்த மேல் பேண்டைக் காணோம்." "நாக்அவுட் செல்லிலும் பேண்ட் தெரியுது." (நாக்அவுட் என்றால் அந்த ஜீனையே உடைத்த செல்.) பழி உடனே ஆன்டிபாடி மேல் விழும், வேறு கம்பெனி குப்பிக்கு ஆர்டர் போகும். இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை அது பல நேரம் அவசரத் தீர்ப்பு. செல் என்ன செய்தது என்று முதலில் பாருங்கள். நம் கை என்ன செய்தது என்று அடுத்துப் பாருங்கள். இரண்டிலும் விடை கிடைக்காவிட்டால்தான் ஆன்டிபாடியை விசாரிக்க வேண்டும்.

அடார்1 இரட்டை இழை ஆர்.என்.ஏவைப் பிடித்து, அதிலுள்ள அடினோசினை ஐனோசினாக மாற்றும் நொதி. தவளைக் கருவில் ஆர்.என்.ஏ இழைகளைப் பிரித்துவிடும் ஏதோ ஒரு வினை இருப்பது 1987-இல் தெரியவந்தது. அது வெறும் பிரிப்பு அல்ல, வேதிமாற்றம் என்பதை 1988-இல் பிரெண்டா பாஸும் ஹெரால்ட் வெய்ன்ட்ராபும் காட்டினார்கள். பழைய கட்டுரைகளிலும் பழைய ஆன்டிபாடி விவரத்தாள்களிலும் இதே புரதம் டிராடா என்ற பெயரில் இருக்கும். தேடும்போது அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

பிளாட்டைப் படிக்கத் தேவையான அடிப்படை இவ்வளவுதான். மனிதரில் ஒரே ஜீனிலிருந்து இரண்டு வடிவங்கள் வருகின்றன. பி150-இல் 1226 அமினோ அமிலங்கள். பி110 அதே வரிசையின் 296-ஆவது மெத்தியோனினில் தொடங்குவதால் 931 அமினோ அமிலங்கள். பி110 எந்நேரமும் உற்பத்தியாகும். பெரும்பாலும் உட்கருவில் இருக்கும். பி150-க்குத் தனி புரோமோட்டர் (ஜீனை இயக்கும் தொடக்கப் பகுதி). இன்டர்ஃபெரான் (வைரஸ் எச்சரிக்கை தரும் சமிக்ஞைப் புரதம்) வந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். பி150 பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும். ஆக, பி150-இன் முதல் 295 அமினோ அமிலங்கள் அதற்கு மட்டுமே சொந்தம். மீதி எல்லாம் இரண்டுக்கும் பொது. உங்கள் ஆன்டிபாடியின் எபிடோப் (புரதத்தில் அது பிடிக்கும் இடம்) இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் குப்பியைத் திறக்கும் முன்பே பார்த்துக் குறித்துவையுங்கள். கீழே வரும் குழப்பங்களில் பல அந்த ஒரு குறிப்பிலேயே தெளிந்துவிடும்.

முதலில் இந்த நான்கு லேன்கள்

எந்த அறிகுறியானாலும் இந்த நான்கும் இல்லாத பிளாட்டை வைத்து விவாதம் செய்வது வீண். சாதாரண செல், இன்டர்ஃபெரான் கொடுத்த சாதாரண செல், அடார்1 நாக்அவுட் செல், இன்டர்ஃபெரான் கொடுத்த நாக்அவுட் செல். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா அல்லது பீட்டா, மில்லிலிட்டருக்கு 1000 யூனிட் வரை, 24 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. இன்டர்ஃபெரான் உண்மையில் வேலை செய்ததா என்று பார்க்க அதே லைசேட்டில் (செல்லை உடைத்தெடுத்த சாறு) இன்டர்ஃபெரானால் ஏறும் புரதங்களான ஸ்டாட்1 அல்லது ஐ.எஸ்.ஜி.15 பாருங்கள். அவையும் ஏறவில்லை என்றால் குறை இன்டர்ஃபெரான் குப்பியிலோ செல்லிலோ இருக்கிறது. அடார்1 ஆன்டிபாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாக்அவுட்டுக்கு ஹெக்293டி (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்வகை) செல்கள் வசதி. அடார்1 இல்லாமலும் அவை வளரும். எல்லாச் செல்களும் அப்படி அல்ல. அந்தக் கதை கீழே வருகிறது.

அறிகுறி: 110-இல் ஒன்று, 150-இல் ஒன்று என இரண்டு பேண்டுகள்

இது பிழையே இல்லை. கணக்குப்படி பி110-இன் எடை சுமார் 104 கிலோடால்டன், பி150-க்குச் சுமார் 136. ஜெல்லில் இரண்டும் பெயருக்கேற்ற இடத்தில், அதாவது கணக்கைவிடச் சற்று மேலே ஓடும். இன்டர்ஃபெரான் லேனில் மேல் பேண்ட் மட்டும் தடித்து, நாக்அவுட் லேனில் இரண்டும் மறைந்தால் வேலை முடிந்தது. கட்டுரையில் ஒரு பேண்டை மட்டும் வெட்டி ஒட்டி "அடார்1" என்று எழுதுவதுதான் இதில் நடக்கும் உண்மையான பிழை. எந்த வடிவம் என்று சொல்லாத அடார்1 பிளாட்டால் படிப்பவருக்குப் பயனில்லை.

அறிகுறி: மேல் பேண்ட் வரவே இல்லை

இன்டர்ஃபெரான் கொடுக்காத பல செல்களில் பி150 மிக மங்கலாகத்தான் இருக்கும். கொடுத்தும் வரவில்லை, ஸ்டாட்1 மட்டும் ஏறியிருக்கிறது என்றால் சந்தேகம் ஜெல் மேலும் டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்குப் புரதத்தை மாற்றும் படி) மேலும் போக வேண்டும். 12 சதவீத ஜெல்லில் 110-உம் 150-உம் மேலே நெருக்கியடித்து நிற்கும். பிரித்துப் படிக்க முடியாது. 7 அல்லது 8 சதவீத ஜெல் எடுங்கள். 75 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லின் கீழ்ப் பாதிக்கு வரும் வரை ஓட விடுங்கள்.

பெரிய புரதம் ஜெல்லை விட்டு வெளியேற நேரம் கேட்கும். செமி-டிரை கருவியில் அவசரமாக முடித்தால் 37 கிலோடால்டனில் இருக்கும் ஜி.ஏ.பி.டி.எச் (எல்லா லேனிலும் சம அளவு ஏற்றினோமா என்று பார்க்கும் லோடிங் கன்ட்ரோல் புரதம்) அழகாக வந்துவிடும். 150-இல் ஒன்றும் இருக்காது. லோடிங் கன்ட்ரோல் நன்றாக இருப்பதைப் பார்த்து டிரான்ஸ்ஃபரும் சரி என்று நினைப்பது இங்கே பெரிய பொறி. சிறிய புரதம் ஏறியது பெரிய புரதத்துக்குச் சாட்சி ஆகாது. வெட் டிரான்ஸ்ஃபர், குளிர் அறையில், 30 வோல்ட்டில் இரவு முழுக்க விடுங்கள். பஃபரில் மெத்தனாலை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கலாம், 0.05 சதவீதம் எஸ்.டி.எஸ் சேர்க்கலாம். முடிந்ததும் பான்சோ சிவப்பில் மெம்பிரேனையும், கூமாஸி நீலத்தில் மீந்த ஜெல்லையும் பாருங்கள். 100-க்கு மேலுள்ளவை ஜெல்லிலேயே நீலமாக நின்றால் விடை கிடைத்துவிட்டது.

இதோடு ஒரு எச்சரிக்கை. உயர் எடைப் புரதங்களுக்கு வின்குலினை லோடிங் கன்ட்ரோலாக வைப்பது பலருக்குப் பழக்கம். அது சுமார் 120 சொச்சம் கிலோடால்டனில், பி110-க்கும் பி150-க்கும் நடுவில் வந்து உட்காரும். அதே மெம்பிரேனில் அடார்1-க்குப் பிறகு போட்டால் மூன்று பேண்டுகளில் எது யாருடையது என்று தெரியாது. டியூபுலின் போதும்.

அறிகுறி: பி150 மட்டும் பளிச், பி110 மங்கல்

இயல்புக்கு நேர் தலைகீழ் படம். இரண்டு காரணங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, எபிடோப் முதல் 295-க்குள் இருக்கும் ஆன்டிபாடி; அது பி110-ஐப் பார்க்கவே பார்க்காது, அதற்காகவே செய்யப்பட்டது. மற்றது லைசிஸ் பஃபர். 0.5 சதவீத என்.பி-40 போன்ற மென்மையான பஃபரில் செல்லின் வெளிச் சவ்வு கரையும். உட்கரு அப்படியே அடியில் படியும். மேல் திரவத்தை மட்டும் எடுத்தால் சைட்டோபிளாசத்தின் பி150 கிடைக்கும். பி110-இன் பெரும்பகுதி நீங்கள் எறிந்த படிவில் இருக்கும்.

உட்கருவையும் உடைக்கும் ரிப்பா பஃபருக்கு மாறுங்கள், அல்லது நேரடியாக எஸ்.டி.எஸ் சாம்பிள் பஃபரில் உடைத்து சோனிகேட் செய்யுங்கள். டி.என்.ஏ கொழகொழவென்று நூல் இழுத்தால் நியூக்ளியேஸ் சேர்க்கலாம். பென்சோனேஸுக்கு மக்னீசியம் தேவை. உங்கள் ரிப்பாவில் ஈ.டி.டி.ஏ இருந்தால் அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி சும்மா இருக்கும். நியூக்ளியேஸ் போட்டும் கொழகொழப்பு போகவில்லை என்பவர்கள் முதலில் பஃபர் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்.

அறிகுறி: நாக்அவுட் செல்லிலும் பேண்ட்

இதில் நிதானம் வேண்டும். எந்தப் பேண்ட், எப்போது, எந்தச் செல்லில் என்று பிரித்துக் கேட்காமல் "ஆன்டிபாடி நான்-ஸ்பெசிஃபிக்" என்று எழுதிவிடக் கூடாது.

பி150 போய், பி110 மட்டும் நிற்கிறதா? கிரிஸ்பர் வெட்டலுக்கு வழிகாட்டும் கைடு ஆர்.என்.ஏ எங்கே வெட்டியது என்று பாருங்கள். 296-ஆவது மெத்தியோனினுக்கு முன்னால் வெட்டி ஃபிரேம் மாறியிருந்தால் பி150 மட்டும்தான் உடையும். பி110-இன் தொடக்கம் வெட்டுக்குக் கீழே இருப்பதால் அது பாதிக்கப்படாமல் உருவாகும். ஆன்டிபாடியும் சரி, கிரிஸ்பரும் சரி. நீங்கள் செய்திருப்பது பி150 நாக்அவுட். சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். இரண்டும் போக வேண்டுமென்றால் பொதுவான பகுதியில் வெட்டும் கைடு வேண்டும்.

முதலில் பேண்ட் குறைந்து, சில பாசேஜ்களுக்குப் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்ப்பது) பிறகு திரும்ப வருகிறதா? தனிக் குளோன் எடுக்காமல் கலவையாக வளர்த்த செல்களில் இது அடிக்கடி நடக்கும். அடார்1-இன் முக்கிய வேலையே செல்லின் சொந்த இரட்டை இழை ஆர்.என்.ஏக்களைத் திருத்தி, எம்.டி.ஏ.5, பி.கே.ஆர் போன்ற காவல் புரதங்கள் அவற்றை வைரஸ் என்று எண்ணிப் பாயாமல் தடுப்பது. ஏற்கெனவே இன்டர்ஃபெரான் பாதை கொதித்துக்கொண்டிருக்கும் புற்றுச்செல்களில் அடார்1 போனால் பி.கே.ஆர் விழித்து, புரத உற்பத்தி நின்று, செல் சாகும். வெட்டுத் தப்பிய செல்கள்தான் தட்டில் பெருகும். நீங்கள் பார்ப்பது ஆன்டிபாடியின் பொய் அல்ல, பிழைத்தவர்களின் கணக்கு. வெட்டிய உடனே, முதல் சில நாட்களிலேயே லைசேட் எடுங்கள். நிலையான செல் வேண்டுமென்றால் பி.கே.ஆர் அல்லது மாவ்ஸ் (எம்.டி.ஏ.5-இன் எச்சரிக்கையைக் கடத்தும் புரதம்) நீக்கிய செல்லில் தொடங்குங்கள்.

நாக்அவுட்டில் இன்டர்ஃபெரான் கொடுத்த லேன் மட்டும் எல்லாமே மங்கலாக இருக்கிறதா? அதுவும் இதே கதைதான். அடார்1 இல்லாத ஹெக்293டி செல்லுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் பி.கே.ஆர் தூண்டப்பட்டுப் புரத உற்பத்தி சரியும். அந்த லேனில் ஐ.எஸ்.ஜி.15 கூட எதிர்பார்த்த அளவு ஏறாமல் போகலாம். பழைய, நிலையான டியூபுலின் மட்டும் நன்றாகத் தெரியும். லோடிங் சரியாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

சாதாரண செல்லிலும் நாக்அவுட்டிலும் ஒரே அளவில், இன்டர்ஃபெரானுக்கு அசையாமல், 110-க்கும் 150-க்கும் பொருந்தாத இடத்தில் ஒரு பேண்ட் நிற்கிறதா? இப்போது ஆன்டிபாடியைக் குற்றம் சொல்லலாம். பிரைமரி (அடார்1-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடி) இல்லாமல் செகண்டரி (பிரைமரியைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி) மட்டும் போட்ட ஒரு துண்டை ஓட்டி, அது செகண்டரியின் வேலை இல்லை என்று உறுதி செய்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பேண்ட் உண்மைப் பேண்டுகளிலிருந்து விலகி நின்றால் வெஸ்டர்னுக்கு அதே குப்பியைத் தொடர்ந்து பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு அந்தக் குப்பியைத் தொடாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் எடை வாரியாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை; எல்லாப் பேண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும்.

அறிகுறி: 80-லிருந்து 95-க்குள் கூடுதல் பேண்டுகள்

இதற்கு வரலாறே உண்டு. 1994-இல் மாட்டுத் திசுவின் உட்கருச் சாற்றிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்தபோது 93, 88, 83 கிலோடால்டனில் மூன்று துண்டுகள் கிடைத்தன. முழு நீளப் புரதம் அவற்றைவிடப் பெரியது என்பது பின்னால் தெளிந்தது. புரோட்டியேஸ்கள் இந்தப் புரதத்தின் முன்பகுதியை எளிதில் நறுக்கிவிடும். பின்பகுதியில் இருக்கும் டி-அமினேஸ் பகுதியை (அடினோசினை மாற்றும் பகுதி) பிடிக்கும் ஆன்டிபாடி அந்தத் துண்டுகளை விசுவாசமாகக் காட்டும்.

புதிய லைசேட், ஐஸ், புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர், உடனே சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்தல்: இவற்றுக்குப் பேண்ட் குறைந்தால் அது சிதைவு. நாக்அவுட்டில் இந்தத் துண்டுகளும் மறைய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மறைந்தால் அவை அடார்1-இன் துண்டுகள், மறையாவிட்டால் வேறு ஏதோ.

அறிகுறி: எஸ்ஐ-ஆர்.என்.ஏ போட்டும் குறையவில்லை. பி150 ஏறிக்கூட இருக்கிறது

ஜீனை அடக்கப் போடும் எஸ்ஐ-ஆர்.என்.ஏவே ஒரு இரட்டை இழை ஆர்.என்.ஏ. பி150 இரட்டை இழை ஆர்.என்.ஏ எச்சரிக்கையைத் தொடர்ந்து ஏறும் புரதம். சில எஸ்ஐ-ஆர்.என்.ஏக்கள், சில செல்களில், இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடும். ஒரு கை அணைக்கும்போது மறு கை பற்றவைக்கிறது. ஸ்கிராம்பிள் கன்ட்ரோலிலும் (எந்த ஜீனையும் குறிவைக்காத எஸ்ஐ-ஆர்.என்.ஏ) அதே கிளர்ச்சி இருக்கும் என்பதால் இரண்டையும் மட்டும் ஒப்பிட்டால் விஷயம் தெரியாது. எதுவுமே போடாத செல், டிரான்ஸ்ஃபெக்ஷன் மருந்து மட்டும் போட்ட செல் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஐ.எஸ்.ஜி.15 அங்கே காட்டிக்கொடுக்கும். ருக்சோலிட்டினிப் சேர்த்து, இன்டர்ஃபெரான் சமிக்ஞையைக் கடத்தும் ஜாக் பாதையை அடைத்தால் பி150 ஏற்றம் நிற்கிறதா என்றும் பார்க்கலாம்.

பிளாஸ்மிட் டி.என்.ஏ டிரான்ஸ்ஃபெக்ஷனும் இதையே செய்யக்கூடும், டி.என்.ஏவை உணரும் சிகாஸ்-ஸ்டிங் பாதை உயிரோடு இருக்கும் செல்களில். ஹெக்293டி-யில் அந்தப் பாதை பெரும்பாலும் இல்லை. அதனால் அங்கே சுத்தமாக வந்த பிளாட் வேறு செல்லுக்குப் போனதும் குழம்புவதில் வியப்பில்லை.

நேரமும் முக்கியம். எம்.ஆர்.என்.ஏ ஒரே நாளில் விழுந்துவிடும். ஏற்கெனவே உருவான புரதம் கரைய இன்னும் நேரமாகும். 72 மணி நேரத்துக்கு முன்னால் முடிவு கட்ட வேண்டாம்.

அறிகுறி: பி150 பிளாஸ்மிட் போட்டேன், பி110-உம் ஏறுகிறது

சிதைவு என்று நினைத்து இன்ஹிபிட்டரை இரட்டிப்பாக்குகிறவர்கள் உண்டு, பயனிருக்காது. பி150 எம்.ஆர்.என்.ஏவில் ரைபோசோம் சில நேரம் முதல் தொடக்கக் கோடானைத் தாண்டிப் போய் 296-இல் தொடங்கிவிடும். ஒரே எம்.ஆர்.என்.ஏ, இரண்டு புரதம். இது 2021-இல் தெளிவாகக் காட்டப்பட்டது. சோதிப்பது எளிது: டேக்கை (புரதத்தில் ஒட்டும் அடையாளத் துண்டு) முன்முனையில் வைத்தால் பி150 மட்டும் தெரியும், பின்முனையில் வைத்தால் இரண்டும் தெரியும். பி150 மட்டுமே வேண்டுமென்றால் 296-ஆவது மெத்தியோனினை அலனினாக மாற்றிய பிளாஸ்மிட் வேண்டும். "பி150 மட்டும் திரும்பக் கொடுத்தோம்" என்று எழுதியிருக்கும் பழைய சோதனைகளைப் படிக்கும்போது இந்த மாற்றம் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செல்லில் இரண்டுமே இருந்திருக்கக்கூடும்.

அறிகுறி: எலித் திசுவில் 150-இல் தடித்த பேண்ட்

மகிழ்ச்சி அடையும் முன் ஒரு நிமிடம். முழு இம்யூனோகுளோபுலின்-ஜி மூலக்கூறின் எடையும் 150 கிலோடால்டன்தான். எலித் திசுவில் எலியின் சொந்த ஆன்டிபாடி இரத்தத்தோடு நிறைய இருக்கும். பிரைமரி எலி மோனோகுளோனலாக இருந்தால் செகண்டரி இரண்டையும் வேறுபாடு பார்க்காமல் பிடிக்கும். சாம்பிள் பஃபரில் டி.டி.டி (புரதச் சங்கிலிகளின் இணைப்பை உடைக்கும் பொருள்) பழையதாகி வலுவிழந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் உடையாமல் சரியாகப் பி150 நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கும். நன்றாக உடைந்தால் 50-க்கும் 25-க்கும் இறங்கிவிடும்.

புதிய டி.டி.டி போட்டு, செகண்டரி மட்டும் வைத்து ஒரு துண்டு ஓட்டினால் ஒரே நாளில் தெளிவாகும். நிரந்தரத் தீர்வு முயல் ஆன்டிபாடி. அதுவும் மனிதப் புரதத்துக்கு எதிராகச் செய்ததாக இருந்தால் எபிடோப் வரிசை எலியில் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பின்பகுதியில் இருக்கும் டி-அமினேஸ் பகுதி இரண்டு இனங்களிலும் நன்றாக ஒத்துப்போகும். முன்பகுதியை அவ்வளவு நம்ப முடியாது.

அறிகுறி: மெம்பிரேன் முழுக்கக் கறுப்பு, அல்லது முழுக்க வெள்ளை

இது அடார்1-க்கே உரிய சிக்கல் அல்ல, அதனால் சுருக்கமாக. கறுப்பு என்றால் செகண்டரியை நீர்க்கவைத்து, கழுவலைக் கூட்டுங்கள். பாலுக்குப் பதில் பி.எஸ்.ஏ, பி.எஸ்.ஏ-வுக்குப் பதில் பால் என்று மாற்றிப் பாருங்கள். வெள்ளை என்றால் பி.வி.டி.எஃப் மெம்பிரேனை மெத்தனாலில் நனைத்தீர்களா, எச்.ஆர்.பி (ஒளி உண்டாக்க உதவும் நொதி) ஒட்டிய செகண்டரியைச் சோடியம் அசைடு உள்ள பஃபரில் கலந்தீர்களா என்று பாருங்கள், அசைடு எச்.ஆர்.பி-யை முடக்கிவிடும். கறுப்புப் பின்னணியில் பேண்ட் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே எச்.ஆர்.பி அளவுக்கு மீறி இருந்து சப்ஸ்ட்ரேட்டைத் தின்று தீர்த்துவிட்டது. ஆன்டிபாடியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

அறிகுறி: மைக்ராஸ்கோப்பில் உட்கருவில் மட்டும் வெளிச்சம்

பொதுப் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் இன்டர்ஃபெரான் கொடுக்காத செல்லைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பி110 அங்கேதான் இருக்கிறது. உட்கருவுக்குள் நியூக்ளியோலஸில் கூடுதலாகத் திரண்டிருப்பதும் அறியப்பட்ட இயல்புதான். ஆனால் இங்கே ஓர் இடர். எத்தனையோ மோசமான ஆன்டிபாடிகளும் நியூக்ளியோலஸில் போய் ஒட்டிக்கொள்ளும். எதிர்பார்த்த இடத்தில் வெளிச்சம் வந்துவிட்டது என்பது சான்று ஆகாது. நியூக்ளியோலஸின் அடையாளப் புரதமான ஃபிப்ரில்லாரினோடு ஒன்றாகத் தெரிகிறது என்று படம் போட்டால் "நியூக்ளியோலஸில் இருக்கிறது" என்பது வரைதான் நிறுவப்படும், "அடார்1 இருக்கிறது" என்பது அல்ல.

என் பார்வையில் இதற்கு ஒரே நேர்மையான வழி, சாதாரண செல்லையும் நாக்அவுட் செல்லையும் வெவ்வேறு நிறச் சாயத்தில் ஊறவைத்து, ஒரே கவர்ஸ்லிப்பில் கலந்து வளர்ப்பது. ஒரே ஃபிக்சேஷன், ஒரே கழுவல், ஒரே எக்ஸ்போஷர். பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒன்று ஒளிர்ந்து மற்றது இருண்டால் நம்பலாம். தனித்தனி கவர்ஸ்லிப்பில் எடுத்து, கம்ப்யூட்டரில் பிரைட்னஸை இழுத்து ஒப்பிடும் படங்களை நான் நம்புவதில்லை. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2023-இல் 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களை வைத்துச் சோதித்தது. மைக்ராஸ்கோப் படங்களுக்குச் சாதாரண செல்லையும் நாக்அவுட்டையும் கலந்து வளர்க்கும் இந்த முறைதான். சராசரியில் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள் (தெரிந்த ஜீன் வரிசையிலிருந்து தயாரிப்பவை) மற்ற வகைகளைவிட முன்னே நின்றன. காசு இருந்தால் எதை வாங்குவது என்பதற்கு அது போதிய விடை. பாலிகுளோனலாக (விலங்கிலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை) இருந்தால் ஒவ்வொரு புதிய லாட்டையும் பழைய லாட்டோடு ஒரே மெம்பிரேனில் ஒப்பிடாமல் சோதனைக்குள் விடாதீர்கள்.

இன்டர்ஃபெரான் கொடுத்தும் சைட்டோபிளாசம் இருட்டாகவே இருந்தால் முதலில் அதே சாம்பிளில் வெஸ்டர்ன் போட்டு பி150 ஏறியதா என்று உறுதி செய்யுங்கள். ஏறியிருந்தால், உட்கருவின் பளபளப்புக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்ததால் பரந்து மெலிந்த சைட்டோபிளாச வெளிச்சம் அமுங்கியிருக்கலாம். பி150-க்கு மட்டுமான ஆன்டிபாடியை எடுத்தால் இந்தச் சண்டையே இல்லை. அந்த வெளிச்சம் பி150 தானா என்று சோதிக்க இன்னொரு நல்ல தந்திரம் உண்டு. பி150-இன் முன்பகுதியில் உட்கருவை விட்டு வெளியேறும் சமிக்ஞை இருக்கிறது, அது சி.ஆர்.எம்.1 வழியாக வேலை செய்யும். லெப்டோமைசின்-பி கொடுத்தால் வாசல் அடைபட்டு, பி150 உட்கருவுக்குள் தேங்கும். சைட்டோபிளாச வெளிச்சம் அப்படி இடம் மாறினால் அது பி150-தான் என்பதற்கு வலு கூடும். மாறாமல் அங்கேயே நின்றால் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: இம்யூனோபிரெசிபிடேஷனில் எல்லாமே ஒட்டிக்கொண்டு வருகிறது

இம்யூனோபிரெசிபிடேஷன் என்றால் ஆன்டிபாடியால் புரதத்தைச் சாற்றிலிருந்து இழுத்தெடுப்பது. அடார்1 ஆர்.என்.ஏவைப் பிடிக்கும் புரதம். அதே ஆர்.என்.ஏவில் இருபது புரதங்கள் உட்கார்ந்திருந்தால் எல்லாமே கூட வரும். நேரடிப் பிணைப்பு என்று எழுதிவிடுவோம். ஆர்.என்.ஏஸ் போட்டேன், இன்னும் போகவில்லை என்பது அடுத்த வாதம். எந்த ஆர்.என்.ஏஸ், எந்த உப்பில்? ஆர்.என்.ஏஸ்-ஏ அதிக உப்பில் ஒற்றை இழையை மட்டும் வெட்டும். இரட்டை இழையை விட்டுவிடும். அடார்1 பிடித்திருப்பதோ இரட்டை இழை. குறைந்த உப்பில் செய்யுங்கள், அல்லது இரட்டை இழையை வெட்டும் ஆர்.என்.ஏஸ்-3 சேருங்கள். அதற்குப் பிறகும் நிற்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வெஸ்டர்னில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி இங்கே ஒன்றையும் இழுக்காமல் போகலாம். அங்கே புரதம் எஸ்.டி.எஸ்ஸில் விரிந்து கிடந்தது. இங்கே மடிந்திருக்கிறது, எபிடோப் உள்ளே புதைந்திருக்கலாம். வேறு எபிடோப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு மாறுவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை. இழுத்ததா என்று பார்க்க இழுத்த பகுதியை மட்டும் பார்க்காமல், மீந்த திரவத்தில் அடார்1 குறைந்ததா என்றும் பாருங்கள்.

அறிகுறி: பேண்ட் அருமை, ஆனால் எடிட்டிங் மாறவில்லை

ஆன்டிபாடி புரதத்தை எண்ணும், அதன் வேலையை எண்ணாது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் எலியின் அடார்1-இல் 861-ஆவது குளூட்டமேட்டை அலனினாக மாற்றியிருந்தார்கள். அடார்1 புரதம் உருவானது. எடிட்டிங் செய்யும் திறன் மட்டும் இல்லை. கரு வயிற்றிலேயே இறந்தது, எம்.டி.ஏ.5-ஐயும் நீக்கியபோது பிழைத்தது. அந்த எலியின் வெஸ்டர்னை மட்டும் பார்த்தால் அப்படி ஒரு விபரீதம் நடந்திருப்பது தெரியவராது. ஐகார்டி-கூட்டியேர் என்ற மரபணு நோய்க்கும் இது பொருந்தும். அந்நோய்க்குக் காரணமான அடார்1 மாற்றங்கள் 2012-இல் கண்டறியப்பட்டன. அவற்றில் அடிக்கடி காணப்படுவது 193-ஆவது புரோலின் அலனினாவது. பி150-க்கு மட்டும் உரிய ஸெட்-ஆல்ஃபா பகுதியில் ஒரே ஓர் அமினோ அமில மாற்றம். பேண்டின் எடையில் அது தெரியாது.

ஆகவே பேண்டோடு எடிட்டிங்கையும் அளக்க வேண்டும். ஐனோசினை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் குவானோசினாகப் படிக்கும் என்பதால் சி.டி.என்.ஏவை சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினால் ஒரே இடத்தில் ஏ-யும் ஜி-யும் இரட்டை உச்சியாகத் தெரியும். மனிதரில் எடிட்டிங் தளங்களில் பெரும்பாலானவை ஆலு தொடர்களில் (மரபணுத் தொகுதியில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்) இருப்பதால், எம்.ஆர்.என்.ஏவின் பின்முனையில், புரதமாகப் படிக்கப்படாத பகுதியில் எதிரெதிர் திசையில் இரண்டு ஆலு கொண்ட ஒரு ஜீனை எடுங்கள். அதே செல்லின் மரபணு டி.என்.ஏவையும் வரிசைப்படுத்துங்கள். அங்கேயும் ஜி இருந்தால் அது எடிட்டிங் அல்ல, பிறவி வேறுபாடு. ஆர்.என்.ஏவில் டி.என்.ஏ கலந்திருந்தால் எடிட்டிங் குறைவாகத் தெரியும், டி.என்.ஏஸ் படியைத் தவிர்க்காதீர்கள். குளூட்டமேட் ஏற்பியின் குளூட்டமின்-அர்ஜினின் தளத்தை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது அடார்2-இன் வேலை, அடார்1-ஐ நீக்கினாலும் அங்கே பெரிதாக ஒன்றும் மாறாது.